ஊசிக்கு முன்னால் ஒரு சொட்டு இரத்தம்

கேள்வி: திருமழிசை பக்கத்தில் குடியிருக்கிறோம். 30 செம்மறி ஆடுகள் வைத்திருந்தோம். நேமம் ஏரிக்கரையிலும், மனை பிரித்துக் காலியாகக் கிடக்கும் நிலங்களிலும் மேய்ப்போம். மழை விட்டதிலிருந்து 5 ஆடுகள் போய்விட்டன. எல்லாமே மந்தையை விட்டு ஒதுங்கி நின்று, இளைத்து, கண் வெளுத்துத்தான் செத்தன. இரண்டுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. ஒரு பெட்டைக்கு மட்டும் உடம்பு அனலாகக் கொதித்தது, முன்னங்கால் சப்பைக்கு முன்னால் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி இருந்தது. ‘இரத்தத்தில் பூச்சி’ என்று சொல்லி மருந்துக் கடையில் கொடுத்த மஞ்சள் ஊசியை எல்லாவற்றுக்கும் போட்டோம். நோய் கண்ட 6 ஆடுகளில் ஒன்றுதான் தேறியது. இதற்குச் சரியான ஊசி எது? மீதி 25 ஆடுகளையும் எப்படிக் காப்பாற்றுவது?

- திருமழிசை அருகிலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, 30 ஆடு உள்ள மந்தையில் 5 போவது என்றால் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுச் செலவுக்கும் அந்த மந்தையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது சின்ன இழப்பு இல்லை. அதனால் இந்த இதழின் பெரும்பகுதியை உங்கள் கேள்விக்கே ஒதுக்குகிறேன். இதே மாதிரிக் கடிதங்கள் வெள்ளவேடு, தண்டலம் பக்கமிருந்தும் வந்திருக்கின்றன.

சரியான ஊசி எது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு ஊசியின் பெயரைச் சொல்லி முடித்துவிட முடியாத கேள்வி இது. உங்கள் கடிதத்திலேயே குறைந்தது இரண்டு வெவ்வேறு நோய்களின் அடையாளம் தெரிகிறது. தாடைத் தொங்கல் விழுந்த ஆடுகளின் கதை வேறு. காய்ச்சலும் கட்டியும் கண்ட பெட்டையின் கதை வேறு. இரண்டுக்கும் ஒரே ஊசி போட்டதில்தான் சிக்கல். நான் வேளாண்மை படித்தவன். எந்த மருந்து, எத்தனை மில்லி என்று முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் கால்நடை மருத்துவர். அவரிடம் போகும்போது எதைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

இரத்தத்தில் இருக்கும் பூச்சி எது?

‘இரத்தத்தில் பூச்சி’ என்று நாம் சொல்வது கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகளை. நம் பக்கத்தில் முக்கியமானவை நான்கு.

முதலாவது தைலேரியா. உண்ணி கடிப்பதால் வருகிறது. முதலில் இரத்த வெள்ளணுக்களில் பெருகி, பிறகு சிவப்பணுக்களுக்குள் நுழைகிறது. கடுங்காய்ச்சல், நெறிக்கட்டி வீங்குதல், மூச்சு வாங்குதல், பிறகு உடம்பு வெளுத்தல் என்று போகும். ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பின மாடுகளையும் கன்றுகளையும் கடுமையாகத் தாக்குவது தைலேரியா அனுலேட்டா என்ற வகை. ஆடுகளைத் தாக்கும் தைலேரியா வகைகள் வேறு. அவற்றில் ஒன்றான தைலேரியா லுவென்ஷுனி தென்னிந்தியச் செம்மறிகளிலும் கண்டறியப்பட்டுள்ளது.

இரண்டாவது பபேசியா. இதையும் உண்ணிதான் பரப்புகிறது. சிவப்பணுக்களை உடைத்துவிடுவதால் சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போகும். மாடுகளில் அதிகம் பார்க்கிறோம்.

மூன்றாவது அனப்பிளாஸ்மா. உண்மையில் இது ஒரு பாக்டீரியா. ஆனாலும் சிவப்பணுவுக்குள் இருப்பதால் இந்தக் கூட்டத்தோடு சேர்த்தே பேசுகிறோம். உண்ணியும் பரப்பும், கடிக்கும் ஈக்களும் பரப்பும், ஓர் ஆட்டுக்குப் போட்ட ஊசியைக் கழுவாமல் அடுத்த ஆட்டுக்குப் போட்டாலும் பரவும். உடம்பு வெளுத்து, பிறகு மஞ்சள் பூக்கும். சிறுநீர் சிவக்காது. சாணம் இறுகும்.

நான்காவது டிரிப்பனசோமா. இதனால் வருவதுதான் ‘சர்ரா’ நோய். கடித்த இடத்தில் இரத்தம் கசிய வைக்கும் பெரிய குதிரை ஈக்கள் இதைப் பரப்புகின்றன. குதிரை, ஒட்டகம், நாய் ஆகியவற்றுக்கு உயிர்க்கொல்லி. எருமை, மாடுகளில் விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும், பால் குறையும், சில சமயம் சுற்றிச் சுற்றி நடக்கும். ஆடுகளில் பெரும்பாலும் வெளியே தெரியாமல் தங்கியிருக்கும்.

இவற்றைப் பற்றிய அறிவு புதிதல்ல. சர்ராவை உண்டாக்கும் கிருமியை 1880இல், அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில், குதிரைகளின் இரத்தத்தில் கண்டவர் கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர். அமெரிக்காவில் மாடுகளைக் கொன்றுகொண்டிருந்த ‘டெக்சாஸ் காய்ச்சல்’ உண்ணியால் பரவுகிறது என்று தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் நிறுவினார்கள். அந்தக் காய்ச்சல்தான் பபேசியா. மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் பார்த்தது 1897இல். பூச்சி கடித்து நோய் பரவும் என்ற பாடத்தை மனித மருத்துவத்துக்கு முன்பே மாட்டு மருத்துவம் படித்துவிட்டது.

நோயின் முகம் ஒன்று, மருந்து வேறு

இந்த நான்கிலும் ஆடு கடைசியில் ஒரே மாதிரித்தான் நிற்கும்: மேயாது, அசை போடாது, வெளுத்துப் போகும், இளைக்கும். ஆனால் மருந்து ஒன்றல்ல.

தண்ணீரில் கலந்து போடும் மஞ்சள் மருந்து பெரும்பாலும் டிமினசின். அது பபேசியாவையும் டிரிப்பனசோமாவையும் கொல்லும். தைலேரியாவுக்கு அதை நம்ப முடியாது. தைலேரியாவுக்கு உரியது பூபார்வகோன். விலை கூடுதல், அதுவும் நோயின் தொடக்கத்திலேயே போட்டால்தான் நல்ல பலன். அனப்பிளாஸ்மாவுக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின். இந்த மூன்றில் எதுவுமே வயிற்றுப் புழுவைத் தொடாது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருவோம். தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கிய இரண்டு ஆடுகளுக்கு இரத்த ஒட்டுண்ணியை விட அதிகச் சந்தேகம் வயிற்றுப் புழுவின் மேல்தான். ஹீமாங்கஸ் என்னும் உருளைப்புழு ஆட்டின் நான்காவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழு நாளொன்றுக்கு 0.05 மில்லி இரத்தத்தை இழக்கச் செய்யும் என்பது பொதுவான கணக்கு. 1,000 புழு இருந்தால் நாளுக்கு 50 மில்லி. நம் சென்னைச் சிவப்புப் பெட்டை ஆடு 25 கிலோ என்று வைத்தால், அதன் உடம்பில் உள்ள மொத்த இரத்தமே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர்தான். ஒரு மாதம் இப்படிப் போனால் ஆடு எப்படி நிற்கும்? இரத்தத்தில் புரதம் குறைந்து, நீர் தாடையில் இறங்கித் தொங்கும். மழைக்குப் பிந்தைய ஏரிக்கரைப் புல் இந்தப் புழுக்குஞ்சுகளுக்கு ஏற்ற இடம். ஏரிக்கரை மேய்ச்சலில் நத்தை வழியாக வரும் தட்டைப்புழுவும் இதே தொங்கலைக் கொடுக்கும்.

காய்ச்சலும் சப்பைக்கு முன்னால் கட்டியும் இருந்த பெட்டைக்குத் தைலேரியா என்று சந்தேகிக்க இடம் இருக்கிறது. அப்படியானால் அதற்குப் போட்ட மஞ்சள் ஊசி பயன்படாத ஊசி. தேறிய ஓர் ஆடு எதனால் தேறியது என்றும் சொல்ல முடியாது. ஊசியாலும் இருக்கலாம், தானாகவும் இருக்கலாம்.

தவறான ஊசியால் நான்கு நஷ்டம். ஒன்று, பணம். இரண்டு, நாள், இந்த நோய்களில் இரண்டு மூன்று நாள் தள்ளிப் போவதே உயிர் போவதற்குப் போதும். மூன்று, அளவு கூடினால் டிமினசின் ஆட்டின் நரம்பையே பாதிக்கும். நான்கு, அளவு குறைந்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். துனிசியா போன்ற நாடுகளில் பூபார்வகோனுக்கே கட்டுப்படாத தைலேரியா வந்துவிட்டது. அதற்கு மாற்றாக நம் கையில் வேறு நல்ல மருந்து இல்லை.

கண் இமையும் தெர்மாமீட்டரும்

வீட்டிலேயே செய்யக்கூடிய முதல் பிரிப்பு இது. ஒரு தெர்மாமீட்டர் போதும்.

ஆட்டின் கீழ் இமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்து, உள்பக்கச் சதையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் சரி. இளஞ்சிவப்பானால் கவனம். வெள்ளைத் தாள் போலிருந்தால் ஆபத்து. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறங்கள் கொண்ட ஓர் அட்டையை உருவாக்கி ஆடு வளர்ப்போரிடம் கொடுத்திருக்கிறார்கள். அட்டை இல்லாவிட்டாலும், மந்தையில் நன்றாக மேயும் ஓர் ஆட்டின் இமையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பிறகு ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். செம்மறிக்கு 102 முதல் 103 டிகிரி வரை இயல்பு. வெயிலில் மேய்ந்து வந்த உடனே பார்த்தால் ஏறிக் காட்டும். காலையில் பட்டியை விட்டு அவிழ்ப்பதற்கு முன் பாருங்கள். 105ஐத் தொட்டால் கடுங்காய்ச்சல்.

இமை வெளுப்பு, காய்ச்சல் இரண்டும் இருந்தால் இரத்த ஒட்டுண்ணி என்று சந்தேகப்படுங்கள். அன்றே இரத்தம் பார்க்க வேண்டும்.

இமை வெளுப்பு இருக்கிறது, காய்ச்சல் இல்லை என்றால் முதல் சந்தேகம் புழு. சாணப் பரிசோதனை செய்ய வேண்டும். நாள்பட்ட இரத்த ஒட்டுண்ணியிலும் காய்ச்சல் இறங்கியிருக்கும் என்பதால் இரத்தத்தையும் சேர்த்தே பார்ப்பது நல்லது.

காய்ச்சல் இருக்கிறது, இமை சிவப்பாகவே இருக்கிறது என்றால் தைலேரியாவின் தொடக்கமாக இருக்கலாம். நுரையீரல் சளி, ஆட்டுக்கொல்லி நோய், நீலநாக்கு நோய் என்று வேறாகவும் இருக்கலாம். சப்பைக்கு முன்னாலும் பின்தொடைக்கு முன்னாலும் தோலுக்கடியில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: தேதி, ஆட்டின் அடையாளம், காய்ச்சல் எத்தனை, இமை நிறம், சிறுநீர் நிறம், ஏற்கெனவே போட்ட ஊசி. காய்ச்சல் ஊசி முன்பே போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல் இறங்கிய ஆட்டைப் பார்த்து மருத்துவர் தடம் மாறிப் போகக்கூடும்.

இரத்தப் பூச்சு: ஐந்து நிமிட வேலை

ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லிய படலமாக இழுப்பதுதான் இரத்தப் பூச்சு. கால்நடை மருத்துவரோ ஆய்வாளரோ எடுப்பார். காது ஓரத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, உலர்ந்த பிறகு, புது ஊசியால் நரம்பில் குத்துவார்கள். கேழ்வரகு அளவு சொட்டை ஸ்லைடின் ஓர் ஓரத்தில் வைத்து, இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் ஒரே இழுப்பாக இழுத்தால் நாக்கு வடிவில் படலம் விழும். அதை நிழலில் ஆட்டி உலர்த்தி, பென்சிலால் ஆட்டின் எண்ணை எழுத வேண்டும். ஆய்வகத்தில் ஜீம்சா சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை சில. மருந்து போடுவதற்கு முன்பே இரத்தம் எடுக்க வேண்டும். ஊசிக்குப் பிறகு எடுத்தால் கிருமி மறைந்து, ‘ஒன்றும் இல்லை’ என்று முடிவு வரும். உலரும்போது ஈயும் எறும்பும் மொய்க்க விடக்கூடாது; படலத்தைத் தின்றுவிடும். ஸ்லைடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தாளில் தனித்தனியே சுற்ற வேண்டும். ஊதா மூடி போட்ட சிறு குழாயில் இரத்தம் எடுத்துக் கொடுத்தால் அதை ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டு போங்கள், உறைய விடாதீர்கள். கட்டி வீங்கியிருந்தால், ‘கட்டியிலிருந்தும் ஒரு ஸ்லைடு எடுக்க முடியுமா, டாக்டர்?’ என்று கேளுங்கள். தைலேரியா தொடக்கத்தில் அங்கேதான் அதிகம் அகப்படும்.

ஆய்வுக்கு முதலில் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகம், அடுத்து மாவட்டத்தின் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு. அதற்கு மேல் தேவை என்றால் வேப்பேரியில் 1903ஆம் ஆண்டு முதல் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஸ்லைடில் தெரியாத அளவுக்குக் கிருமி குறைவாக இருந்தாலும் பி.சி.ஆர். சோதனையில் தெரிந்துவிடும். திருமழிசையிலிருந்து இவையெல்லாம் எட்டும் தூரம்தான். ஆட்டை ஏற்றிப் போக முடியாவிட்டால் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

மருத்துவர் கண்ணால் பார்த்தே உடனடியாக ஊசி போட முடிவு செய்யலாம். ஆடு சாகும் நிலையில் இருந்தால் அதுதான் சரி. அப்போதும் ஊசிக்கு முன் ஒரு ஸ்லைடு இழுத்து வைத்துவிடச் சொல்லுங்கள். அந்த ஆட்டுக்கு இல்லாவிட்டாலும், மீதி 25 ஆட்டுக்கு அது வழி சொல்லும்.

இறந்த ஆட்டையும் காட்டுங்கள்

ஆடு செத்தால் உடனே புதைத்துவிடுகிறோம். மருத்துவர் பிணப் பரிசோதனை செய்தால் நான்காவது இரைப்பையில் புழு நெளிகிறதா, கல்லீரலில் தட்டைப்புழு இருக்கிறதா, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். உங்கள் 5 ஆடுகளில் முதல் ஆட்டிலேயே இதைச் செய்திருந்தால் மற்றவற்றுக்கு விடை அன்றே கிடைத்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. நன்றாக இருந்த ஆடு திடீரென்று செத்து, மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கறுத்த இரத்தம் வந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அதை யாரும் அறுக்கக் கூடாது, தோல் உரிக்கக் கூடாது. தொடாமல் மருத்துவருக்குச் சொல்லி, ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

உண்ணியை ஒழிக்காமல் ஊசியால் பயனில்லை

நோயிலிருந்து தேறிய ஆட்டின் இரத்தத்தில் கிருமி கொஞ்சம் தங்கியே இருக்கும். அதைக் கடித்த உண்ணி அடுத்த ஆட்டைக் கடிக்கும். அதனால் உண்ணி இருக்கும்வரை நோய் சுற்றிக்கொண்டே இருக்கும்.

உண்ணியின் வாழ்வில் பெரும்பகுதி ஆட்டின் மேல் இல்லை. வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து, பட்டியின் சுவர் இடுக்கிலும் மண் வெடிப்பிலும் ஆயிரக்கணக்கில் முட்டை வைத்துவிட்டுச் சாகும். குஞ்சுகள் இரை இல்லாமலே பல வாரங்கள், சில வகைகள் பல மாதங்கள் காத்திருக்கும். ஆட்டின் மேல் மட்டும் மருந்து தெளித்தால் பாதி வேலைகூட ஆகாது. சுவர் வெடிப்பைச் சுண்ணாம்பு, சிமெண்டு வைத்து அடையுங்கள். தரையைக் கூட்டிக் குப்பையை எரியுங்கள். 15 முதல் 21 நாள் இடைவெளியில் ஆடு, பட்டி இரண்டுக்கும் ஒரே நாளில் தெளித்து, மூன்று முறையாவது திரும்பச் செய்யுங்கள்.

தைலேரியா உள்ள உண்ணி ஒட்டிய உடனே நோயைக் கொடுத்துவிடுவதில்லை. உண்ணியின் எச்சில் சுரப்பியில் கிருமி முற்ற இரண்டு மூன்று நாள் ஆகும். ஆகவே ஒன்றுவிட்டு ஒரு நாள் காதின் உள்பக்கம், வால் அடி, மடி, அக்குள், குளம்பு இடுக்கு ஆகியவற்றைப் பார்த்து உண்ணியை எடுத்துவிட்டாலே பெரும் தடுப்பு. சென்னைச் சிவப்பு ஆட்டுக்குக் கம்பளி கிடையாது, குட்டை மயிர்தான், தேடுவது சுலபம். கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு எடுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள். 2011இல் குஜராத்தில் மனிதர்களைக் கொன்ற கிரிமியன்-காங்கோ காய்ச்சலும் உண்ணியால் பரவுவதுதான்.

இனி சொல்வதை வேளாண்மை அலுவலராகக் கண்டிப்பாகவே சொல்கிறேன். வயலுக்கு வாங்கி மிச்சம் வைத்த பூச்சிமருந்தை ஆட்டின் மேல் அடிக்காதீர்கள். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்றவை பயிருக்கு என்று தயாரானவை. தோல் வழியே ஏறி, ஆடு எச்சில் வடித்து, நடுங்கி, விழுந்து சாகும். தெளிப்பவர் உடம்பிலும் ஏறும். கால்நடைக்கென்று விற்கும் டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் போன்றவற்றை மட்டுமே, லேபிளில் உள்ள அளவில் கலந்து பயன்படுத்துங்கள். தெளிக்கும் முன் ஆட்டுக்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்டுங்கள். காயத்தில் படக்கூடாது, நக்க விடக்கூடாது. மிச்ச மருந்தையும் கழுவிய தண்ணீரையும் ஏரிப் பக்கம் ஊற்றக் கூடாது. டெல்டாமெத்ரின் மீனுக்குக் கொடிய விஷம். பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரைச் சென்னை குடிக்கிறது.

உண்ணி குறைவாக இருந்தால் மூலிகைத் தெளிப்பு உதவும். பூண்டு 10 பல், வேப்பிலை, வேப்பம்பழம், உண்ணிச்செடி இலை, துளசி ஒவ்வொரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம் ஆகியவற்றை அரைத்து, 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, உடம்பிலும் சுவர் இடுக்கிலும் வாரம் ஒருமுறை தெளிக்க வேண்டும். தேசிய பால்வள வாரியம் பரிந்துரைக்கும் முறை இது. உண்ணியைக் குறைக்கும், இரத்தத்தில் ஏறிவிட்ட கிருமியை இது ஒன்றும் செய்யாது.

தேறும் ஆட்டுக்கு

கிருமி செத்தாலும் இரத்தம் ஊற வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தொலைவு ஓட்டிப் போகாமல் நிழலில் கட்டி, அகத்தி, முருங்கை, வேலிமசால் போன்ற தழையும் கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கும் கொடுங்கள். மாட்டுக்கான தாது உப்பைச் செம்மறிக்குக் கொடுக்க வேண்டாம். அதில் உள்ள தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்து, ஒரு நாள் திடீரென்று இரத்த அணுக்களை உடைத்துச் சிறுநீரைச் சிவக்க வைக்கும். அதைப் பார்த்து மீண்டும் ‘இரத்தப் பூச்சி’ என்று ஊசி போடுவோம்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது

25 ஆடுகளின் இமையையும் ஒரே காலையில் பார்த்து, வெளுத்தவற்றுக்குச் சாயத்தால் குறி வையுங்கள். குறி வைத்தவற்றின் காய்ச்சலை அளந்து எழுதுங்கள். சிலவற்றின் புதுச் சாணத்தைத் தனித்தனி டப்பாவில் எடுத்துக்கொண்டு, காய்ச்சல் உள்ள ஆட்டோடு மருந்தகம் போங்கள். இரத்தப் பூச்சு கேளுங்கள். குடற்புழு மருந்தை எடை பார்த்து, மருத்துவர் சொல்வதை மட்டும் கொடுங்கள். சினை ஆடு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சில புழு மருந்துகள் இளஞ்சினைக்கு ஆகாது. பனி உலர்ந்த பிறகு மேய்ச்சலுக்கு விடுங்கள். ஏரியின் நீர் ஓரத்தைச் சில வாரங்களுக்குத் தவிருங்கள். புதிதாகச் சந்தையில் ஆடு வாங்கினால் 30 நாள் தனியே கட்டி, உண்ணி நீக்கி, இரத்தமும் சாணமும் பார்த்த பிறகே மந்தையில் சேருங்கள். ஒவ்வோர் ஆட்டுக்கும் புது ஊசி.

மற்ற கேள்விகள்

கேள்வி: எருமை கன்று ஈன்று மூன்று வாரம் ஆகிறது. சிறுநீர் சிவப்பாகப் போகிறது, காய்ச்சல் இல்லை. உண்ணிக் காய்ச்சல் ஊசி போடலாமா?

பதில்: போட வேண்டாம், முதலில் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கன்று ஈன்ற சில வாரங்களில் நன்கு கறக்கும் எருமைக்கு இப்படி வந்தால், பாஸ்பரஸ் குறைவால் சிவப்பணு உடைவது பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதற்குப் பாஸ்பரஸ் ஊசிதான் மருந்து. தாமதித்தால் எருமை தாங்காது, இன்றே காட்டுங்கள்.

கேள்வி: இந்த நோய்களுக்குத் தடுப்பூசி இல்லையா?

பதில்: மாட்டுத் தைலேரியாவுக்கு மட்டும் உண்டு. கலப்பின மாடுகளுக்கும் 2 மாதம் தாண்டிய கன்றுகளுக்கும் போடுவது. திரவ நைட்ரஜனில் வைக்க வேண்டியதால் எல்லா இடத்திலும் கிடைக்காது. மருந்தகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். ஆட்டுக்கு அது பயன்படாது. பபேசியா, அனப்பிளாஸ்மா, சர்ராவுக்கு நம்மிடம் தடுப்பூசி இல்லை.

கேள்வி: ஆட்டின் இரத்தப் பூச்சி மனிதருக்கு வருமா? பயமாக இருக்கிறது.

பதில்: ஆடு, மாட்டுத் தைலேரியா மனிதருக்கு வராது. சர்ராக் கிருமி மிக மிக அரிதாக வந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு விவசாயிக்கு 2004இல் வந்து, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு மருந்து கொடுத்துக் குணப்படுத்தினார்கள். இந்தக் கிருமியை அழிக்கும் இயற்கைப் புரதம் அவர் இரத்தத்தில் இல்லாததே காரணம் என்று பின்னர் தெரிந்தது. நமக்கு அந்தப் புரதம் இருக்கிறது, பயம் வேண்டாம். விலங்குகளில் இதன் வேகம் தெரிய வேண்டுமானால், 2000ஆம் ஆண்டில் ஒடிசாவின் நந்தன்கானன் பூங்காவில் புலிகள் வரிசையாக இறந்ததை நினைத்துப் பாருங்கள். அதற்குக் காரணம் இதே டிரிப்பனசோமா. ஊசி போட்ட ஆட்டை மட்டும் மருத்துவர் சொல்லும் நாள் கழியும் வரை கறிக்கு விற்கவோ பால் எடுக்கவோ கூடாது.

கேள்வி: சென்னைச் சிவப்புக் கிடா வாங்கக் ‘காட்டுப்பாக்கம்’ போகச் சொன்னார்கள். பூந்தமல்லி பக்கத்துக் காட்டுப்பாக்கத்தில் போய் விசாரித்தால் யாருக்கும் தெரியவில்லை.

பதில்: நீங்கள் போனது வேறு காட்டுப்பாக்கம். கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில், பொத்தேரி ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள காட்டுப்பாக்கத்தில். தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு மின்சார ரயிலில் போகலாம். கிடா இருப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். வாங்கி வந்த கிடாவுக்கும் மேலே சொன்ன 30 நாள் விதி உண்டு.

அடுத்த இதழில், கோடைக்கான தீவனச் சோளம் பற்றி வந்திருக்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். மந்தையில் நோய் பற்றி எழுதும் வாசகர்கள் காய்ச்சல் அளவையும் இமை நிறத்தையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.